அச்சும் கையும்: செயற்கை நுண்ணறிவும் நம் ஊர்க் கலையும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காரைக்குடியில் பிள்ளைகளுக்கு ஓவிய வகுப்பு எடுக்கிறேன். மீதி நேரத்தில் தரையில் பதிக்கிற ஆத்தங்குடிக் கல்லுக்கும் கண்டாங்கிச் சேலைக்கும் டிசைன் வரைந்து கொடுப்பேன். இரண்டு மூன்று வருடமாக எங்கே போனாலும் இந்த ஏஐ என்கிற செயற்கை நுண்ணறிவு பற்றித்தான் கேட்கிறார்கள். வகுப்பு வாசலில் பிள்ளையைக் கூப்பிட வரும் அம்மாக்கள், கல் பட்டறை அண்ணன்மார், கல்யாணப் பத்திரிகை அச்சடிக்கிற தம்பிகள், விசேஷ வீட்டில் பக்கத்து இலையில் சாப்பிடுகிறவர்கள் என்று எல்லாரும் கேட்கிறார்கள். நின்றபடி பாதிப் பதில்தான் சொல்ல முடிகிறது. முழுப் பதிலையும் இங்கே எழுதி வைக்கிறேன். நம் ஊர்க் கலைகளை வைத்தே சொல்கிறேன். எனக்கு நன்றாகத் தெரிந்தது அதுதான்.

எழுதிக் கேட்டால் படம் வருகிறதே, அது எப்படி?

முதலில் அதற்குப் பயிற்சி கொடுக்கிறார்கள். இணையத்தில் கிடக்கும் படங்களை, கூடவே எழுதியிருக்கும் விவரத்தோடு சேர்த்துத் திரட்டுகிறார்கள். 2022 ஆகஸ்டில் வெளிவந்த ஸ்டேபிள் டிஃப்யூஷன் என்ற கருவி, லயான்-5பி என்ற திரட்டின் பகுதிகளை வைத்துப் பயின்றது. அந்தத் திரட்டில் ஏறத்தாழ 585 கோடி படங்களின் இணைய முகவரியும் விவரமும் உண்டு. பிறகு ஒவ்வொரு படத்தின் மேலும் கொஞ்சம் கொஞ்சமாகப் புள்ளிகளைத் தூவி, படமே தெரியாமல் ஆக்குகிறார்கள். அந்தக் காலத்து டிவியில் ஸ்டேஷன் போனதும் பொரி பொரியாகத் தெரியுமே, அதைப் போல. தூவியதை நீக்கி அடியில் இருந்ததைக் கண்டுபிடி என்று கம்ப்யூட்டரிடம் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். எண்ணிலடங்காத தடவை தப்பாகச் சொல்லி, திருத்தப்பட்டு, ஒரு கட்டத்தில் தேறிவிடுகிறது.

அதற்கு அப்புறம் நடப்பதுதான் ஆச்சரியம். வெறும் பொரியை மட்டும் கொடுத்து, ‘இதற்கு அடியில் செட்டிநாட்டு வீட்டு முகப்பு இருக்கிறது, எடுத்துக் காட்டு’ என்கிறோம். அடியில் எதுவுமே இல்லை. ஆனாலும் அந்தச் சொற்களோடு தான் பார்த்த படங்களின் சாயலைப் பிடித்துக்கொண்டு, புள்ளிகளை நீக்கிக்கொண்டே போய், ஒரு முகப்பைக் கொண்டுவந்து நிறுத்துகிறது.

அதனால் ‘எங்கிருந்தோ வெட்டி ஒட்டுகிறது’ என்று சொல்வது பெரும்பாலும் சரியில்லை. பார்த்த படங்கள் அதற்குள் படங்களாக இல்லை. எண்களாகக் கரைந்து கிடக்கின்றன. அதே நேரம், பயிற்சியில் ஒரே படம் பலமுறை வந்திருந்தால் ஏறக்குறைய அப்படியே திருப்பிக் கொடுப்பதும் உண்டு. ஆராய்ச்சியாளர்கள் அதை எடுத்தே காட்டியிருக்கிறார்கள்.

இது திடீரென்று முளைத்ததா?

இல்லை. ஹெரால்டு கோஹன் என்ற ஓவியர் 1970-களிலேயே ஆரன் என்ற, படம் வரையும் கம்ப்யூட்டர் நிரலை எழுதத் தொடங்கி, 2016-இல் இறக்கும் வரை அதை வளர்த்தார். அது அவர் கற்றுக்கொடுத்த விதிகளின்படி வரைந்தது. தானே பார்த்துப் பழகும் முறை வந்தது பின்னால்தான். 2018 அக்டோபரில் கிறிஸ்டீஸ் ஏலத்தில், கம்ப்யூட்டர் உருவாக்கிய ஒரு முகச்சித்திரம் 4,32,500 டாலருக்குப் போனது. ஏல நிறுவனம் எதிர்பார்த்தது அதிகபட்சம் 10,000 டாலர். நம் கைபேசிக்கு எல்லாம் வந்து சேர்ந்தது 2022-க்குப் பிறகு.

கோலம் போடுமா?

போடும், பார்க்க அழகாகவும் இருக்கும். சிக்குக் கோலம் கேட்டுப் பாருங்கள். கறுப்புத் தரை, வெள்ளைக் கோடு, பக்கத்தில் ஒரு குத்துவிளக்கு எல்லாம் வந்துவிடும். இப்போது ஒரு புள்ளியில் விரலை வைத்து, கோட்டைப் பின்தொடர்ந்து போங்கள். நான் அப்படிப் பார்த்த படங்களில் நாலாவது அஞ்சாவது வளைவிலேயே கோடு இன்னொரு கோட்டுக்குள் போய்க் கரைந்துவிட்டது. ஒரு மூலையில் இரண்டு புள்ளி சுற்றப்படாமல் அனாதையாக நின்றது. ஒரு வரிசையில் ஏழு புள்ளி, அடுத்ததில் எட்டு, அதற்கடுத்ததில் மறுபடி எட்டு. நேர்ப்புள்ளியும் இல்லை, இடைப்புள்ளியும் இல்லை.

சிக்குக் கோலத்தின் உயிரே, ஒரு புள்ளியும் விடுபடாமல் சுற்றிவந்து தொடங்கிய இடத்தில் கோடு முடிவதுதான். படத்தைப் பார்த்துப் பழகிய மிஷினுக்குக் கோலத்தின் தோற்றம் தெரிகிறது, நடை தெரியவில்லை. இந்தக் குறை நாளைக்கே சரியாகிவிடலாம், புதுக் கருவிகள் மாதத்துக்கு மாதம் தேறிவருகின்றன. அதனால் ‘இது அதால் முடியாது’ என்பதை வைத்து நான் என் வாதத்தைக் கட்டுவதில்லை.

ஒன்று சொல்ல வேண்டும். கோலத்தின் நடையைக் கம்ப்யூட்டருக்குச் சொல்லிக்கொடுக்க முடியும் என்பதை நம்மவர்களே 50 வருடத்துக்கு முன் காட்டிவிட்டார்கள். தாம்பரம் சென்னைக் கிறித்தவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் மூவரும் 1974-இல், கோலத்தை ஒரு மொழிபோல எடுத்துக்கொண்டு அதன் இலக்கணத்தை எழுதி வெளியிட்டார்கள். சின்னச் சின்ன விதிகள், அவற்றைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தினால் பெரிய கோலம். கோலம் போடும் பெண்கள் அதை எப்படி நினைவில் வைத்திருக்கிறார்கள் என்பதையும் சிரோமணி பிறகு ஆராய்ந்தார். வாசலில் குனிந்து நிற்கும் பெண்ணிடம் ஒரு கணக்கு இருக்கிறது என்று மதித்துப் போய்க் கேட்ட படிப்பு அது. இந்தத் தலைப்பில் எனக்கு மிகவும் பிடித்த செய்தியும் அதுதான்.

ஆத்தங்குடிக் கல்லுக்கு டிசைன் கேட்டால் தருகிறதே, இனி ஓவியர் எதற்கு?

இதை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

போன வருடம் ஒருவர் பழைய வீடு ஒன்றை விடுதியாக மாற்றிக்கொண்டிருந்தார். பட்டாலைக்கு, அதாவது வீட்டின் பெரிய கூடத்துக்கு, கல் வேண்டும் என்று, ஏஐயில் எடுத்த படத்தோடு வந்தார். நிஜமாகவே அழகான படம். மாம்பழ மஞ்சளிலிருந்து செங்காவிக்கு நிறம் மெல்ல மெல்ல மாறுகிற தாமரை, சுற்றிலும் கொடி போட்ட பார்டர். நான் பட்டறை அண்ணனிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் கைபேசியை இரண்டு விரலால் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, ‘மூலையைக் காட்டும்மா’ என்றார்.

காரணம் தெரிய வேண்டுமானால் கல் செய்யும் முறை தெரிய வேண்டும். மேசையில் ஒரு கண்ணாடித் தகடு. அதன் மேல் உலோக அச்சு. அச்சில் பூவுக்கு ஒரு அறை, இலைக்கு ஒரு அறை என்று தடுப்புகள். சிமெண்டும் சாயமும் கலந்த நிறக் குழம்பைக் கரண்டியால் மொண்டு ஒவ்வொரு அறையிலும் ஊற்றுவார்கள். அச்சை நேராக மேலே தூக்க வேண்டும். கை ஆடினால் நிறங்கள் ஒன்றில் ஒன்று ஓடிவிடும். அதன் மேல் உலர்ந்த மணலும் சிமெண்டும் தூவி, ஈரக் கலவையை வைத்து மட்டம் தட்டி, காயவிட்டு, பிறகு சில நாள் தண்ணீர்த் தொட்டியில் ஊறப்போடுவார்கள். சூளை கிடையாது. கண்ணாடியை எடுக்கும்போது, அதைத் தொட்டுக்கொண்டிருந்த பக்கம்தான் கல்லின் முகம், அந்த வழுவழுப்பு கண்ணாடி கொடுத்தது. முகம் கீழே இருப்பதால் ஊற்றும்போது எல்லாமே இடவலம் மாறித்தான் இருக்கும். கிளி வலது பக்கம் பார்க்க வேண்டுமானால் அச்சில் இடது பக்கம் பார்க்கும்.

இப்போது அந்தத் தாமரைக்கு வருவோம். அறைக்கு ஒரு நிறம்தான் ஊற்ற முடியும், மெல்ல மெல்ல மாறுகிற நிறத்துக்கு அச்சு கிடையாது. அதையாவது நாலு தட்டாகப் பிரித்துச் சமாளிக்கலாம். பார்டர் கொடி மூலைக்கு வந்ததும் என்ன ஆனது? படத்தில் அது ஒரு மங்கலுக்குள் போய் மறைந்து, அந்தப் பக்கம் வேறு கொடியாக வெளியே வந்தது. நிஜத் தரையில் மூலைக் கல் என்று தனியாக ஒன்று வேண்டும், அதற்குத் தனி அச்சு வேண்டும். நேராக வரும் கொடி அந்த எட்டங்குலக் கல்லுக்குள் திரும்பி, அடுத்த கல்லின் கொடியோடு ஒரு நூல் பிசகாமல் சேர வேண்டும். திரும்பும் இடத்தில் ஒரு இலையைக் கூட்டுவதா, மொட்டு வைப்பதா, கொடியை முடிச்சுப் போட்டு விடுவதா? நான் அந்த மூலைக்கு மூன்று நாள் உட்கார்ந்தேன். பழைய வீடுகளுக்குப் போனால் தரையின் நடுவைப் பார்க்காதீர்கள், மூலையைப் பாருங்கள். வரைந்தவர் யாரென்று அங்கேதான் தெரியும்.

கடைசியில் அந்த வீட்டுக்காரரின் தாமரை நிற்கிறது. மூலையில் என் மொட்டு நிற்கிறது. யோசனை படத்திலிருந்து வந்தது என்பதை நான் மறைக்கவில்லை. படம் பார்க்க நன்றாக இருந்தால் போதும். தரை என்றால் நடக்க வேண்டும், வாசல்படியில் வெட்டுப்படாமல் பொருந்த வேண்டும், 30 வருடம் கழித்து ஒரு கல் உடைந்தால் மாற்றிப்போட முடிய வேண்டும். இதெல்லாம் ஒருவர் தலையில் விழுகிற பொறுப்பு. அந்தப் பொறுப்பை ஏற்றுக்கொண்டு எடுக்கிற சின்னச் சின்ன முடிவுகளைத்தான் நான் படைப்பு என்கிறேன்.

அப்படியானால் மிஷின் கலக்காத சுத்தமான கைவேலைதான் உண்மையான கலையா?

அப்படிச் சொன்னால் செட்டிநாட்டையே தள்ளிவைக்க வேண்டும். ஆத்தங்குடிக் கல்லே அச்சு வேலைதான். நம் வீடுகளில் பர்மாத் தேக்கும் இத்தாலிப் பளிங்கும் பெல்ஜியம் கண்ணாடியும் நிற்கின்றன. கடல் கடந்து வந்த பொருளையெல்லாம் வாங்கிப் போட்டு, முட்டை வெள்ளைக்கருவும் சுண்ணாம்பும் சேர்த்துப் பூசி, நம்முடையதாக ஆக்கிக்கொண்ட ஊர் இது.

இதற்கு எனக்குப் பிடித்த சாட்சி சுவரில் தொங்குகிறது. ஓவியர் ரவி வர்மா 1894-இல் மும்பையில் ஒரு கல்லச்சுக்கூடம் தொடங்கினார். ஜெர்மனியிலிருந்து மிஷின் வந்தது, ஜெர்மன் ஆட்கள் வந்தார்கள். அரண்மனைகளில் மட்டும் இருந்த லட்சுமியும் சரஸ்வதியும் ஆயிரக்கணக்கில் அச்சாகி, வீட்டுக்கு வீடு வந்தார்கள். நூறு வீட்டிலும் ஒரே முகம், ஒரே வீணை. கலை மலிந்துபோகிறது என்ற கவலை அப்போதும் இருந்தது.

செட்டிநாட்டில் அந்த அச்சுப்படத்தை என்ன செய்தார்கள் தெரியுமா? உடுத்திவிட்டார்கள். படத்துச் சேலையின் மேல் நிஜத் துணியை வெட்டி ஒட்டி, கரைக்கு ஜரிகை தைத்து, கழுத்தில் பாசிமணி கோத்து, கிரீடத்துக்குச் சமிக்கி வைத்தார்கள். காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் பழம்பொருள் கடைகளுக்குப் போனால் இன்றும் அப்படிப்பட்ட படங்களைப் பார்க்கலாம். ஒரு கடையில் ஒரு சரஸ்வதியைக் கையில் வாங்கிப் பார்த்தேன். கண்ணாடிக்குள் மயில்கழுத்து நிறப் பட்டு, மடிப்பு மடிப்பாக. வீணையைப் பிடித்த இரண்டு கைகளில் மட்டும் வளையல், ஒரு கைக்கு நாலு, இன்னொரு கைக்கு மூன்று. மணி தீர்ந்துபோயிருக்கும். அச்சிலிருந்து வந்த ஆயிரம் சரஸ்வதிகளில் இப்படி நாலும் மூன்றுமாக வளையல் போட்டவள் இவள் ஒருத்திதான். செய்த கை யாருடையது என்று கடைக்காரருக்கும் தெரியவில்லை. எனக்கு அந்த இடத்தைவிட்டு நகர மனம் வரவில்லை.

மிஷின் வந்தது பிரச்சினையே இல்லை. வந்ததை அப்படியே மாட்டிவிட்டு நகர்ந்துவிட்டோமா, உட்கார்ந்து மணி கோத்தோமா என்பதைத்தான் நான் பார்க்கிறேன்.

மனிதனும் மற்றவர்களைப் பார்த்துத்தானே கற்கிறான்? மிஷின் மட்டும் செய்தால் திருட்டா?

நல்ல கேள்வி. நம் பக்கத்திலேயே பதில் இருக்கிறது. நாட்டரசன்கோட்டையில் கம்பன் சமாதி இருக்கிறது, காரைக்குடியில் சா. கணேசன் 1939-இல் தொடங்கிய கம்பன் கழகம் இருக்கிறது. கம்பன் கதையை வால்மீகியிடமிருந்து எடுத்தான், அதை ஒளிக்கவும் இல்லை. ஆனால் வால்மீகியில் ராவணன் சீதையைக் கையால் பற்றித் தூக்குகிறான். கம்பனில் அவளைத் தொடாமல், பர்ணசாலை நிற்கும் நிலத்தையே பெயர்த்து எடுக்கிறான். அந்த மாற்றத்தைச் செய்ய ஒருவனுக்கு ஒரு நியாயம் தோன்றியிருக்க வேண்டும். தன் காலத்துத் தமிழ்க் கேட்போர் முன்னால் எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக் கூடாது என்ற தவிப்பு இருந்திருக்க வேண்டும். மிஷினும் மாற்றித்தான் தருகிறது, ஒரே கேள்விக்கு நூறு மாதிரி தரும். ஆனால் அந்த நூறில் எதுவும் அதற்கு உறுத்தாது.

இன்னொரு வித்தியாசம் அளவு. ஒரு மாணவி என்னைப் பார்த்துப் பழகினால், பத்து வருடத்தில் எனக்குப் போட்டியாக ஒருத்தி வருவாள், நான் சந்தோஷப்படுவேன். ஒரு நிறுவனம் கோடிக்கணக்கான பேர் வரைந்ததைக் கேட்காமல் எடுத்து, மறுநாளே அவர்கள் எல்லாருக்கும் போட்டியாகக் கடை விரித்தால் அதைக் குரு சிஷ்ய உறவு என்று சொல்ல மாட்டேன். அமெரிக்காவில் ஓவியர்கள் 2023 ஜனவரியில் ஸ்டெபிலிட்டி ஏஐ, மிட்ஜர்னி உள்ளிட்ட நிறுவனங்கள் மேல் வழக்குப் போட்டதும் இதற்காகத்தான்.

எங்கள் பிழைப்பு போய்விடுமா?

சிலருக்கு ஏற்கெனவே அடிபட்டுவிட்டது, மறைத்துப் பேசிப் பயனில்லை. ஃப்ளெக்ஸ் பேனர், கடைத் திறப்பு போஸ்டர், பத்திரிகை அட்டைக்குப் பிள்ளையார் என்று வரைந்துகொண்டிருந்த பையன்களுக்கு வேலை குறைந்திருக்கிறது. என்னிடம் படித்த இரண்டு பேர் இப்போது வேறு வேலை பார்க்கிறார்கள். அவர்களிடம் ‘திறமை இருந்தால் பிழைக்கலாம்’ என்று என்னால் சொல்ல முடியவில்லை. திறமை இருந்தது.

பொருளோடு கலந்த வேலைகள், அதாவது கல், மரம், நெசவு, ஓலைக் கொட்டான் முடைவது எல்லாம் அவ்வளவு சீக்கிரம் போகாது. ஆனால் அங்கேயும் டிசைனுக்குக் கொடுக்கிற கூலியைக் குறைக்கப் பார்க்கிறார்கள். சேர்ந்து பேசுவதுதான் ஒரே வழி. 2023-இல் ஹாலிவுட் எழுத்தாளர்கள் 148 நாள் வேலைநிறுத்தம் செய்து, ஏஐயைப் பயன்படுத்தும்படி தங்களைக் கட்டாயப்படுத்தக் கூடாது என்பதை ஒப்பந்தத்தில் எழுதி வாங்கினார்கள். பட்டறைக்கும் ஓவியருக்கும் நடுவே இங்கே வாய்ப்பேச்சுதான் ஒப்பந்தம். ஒரு வெள்ளைத்தாளில் நாலு வரியாவது எழுதி வாங்குங்கள்.

ஏஐ படத்துக்கு காப்பிரைட் யாருக்கு?

இந்தியாவின் 1957-ஆம் வருடப் பதிப்புரிமைச் சட்டத்தில் இதற்கு ஒரு வரி இருக்கிறது: கம்ப்யூட்டர் வழியாக உருவான படைப்புக்கு, அது உருவாகக் காரணமாக இருந்த நபரே ஆசிரியர். காரணமாக இருந்தவர் கேள்வி எழுதியவரா, கருவியைச் செய்தவரா என்று அந்த வரியில் இல்லை. அமெரிக்காவில், மனிதப் பங்கு இல்லாத படத்துக்குப் பதிப்புரிமை கிடையாது என்று 2025 மார்ச்சில் மேல்முறையீட்டு நீதிமன்றமும் உறுதிசெய்துவிட்டது.

கல், சேலை டிசைன் போடுகிறவர்களுக்கு இதைவிட முக்கியமான ஒன்று. நீங்கள் கையால் வரைந்ததே ஆனாலும், பதிவு செய்யக்கூடிய டிசைனைப் பதிவு செய்யாமல் தொழில்முறையில் 50 தடவைக்கு மேல் உற்பத்தி செய்துவிட்டால், பதிப்புரிமைப் பாதுகாப்பு போய்விடும். ஒரு பட்டாலைக்கே நூற்றுக்கணக்கில் கல் வேண்டும். அதனால் 2000-ஆம் வருட டிசைன் சட்டத்தின் கீழ் பதிவு செய்யுங்கள். வெளியில் காட்டுவதற்கு முன்பே செய்ய வேண்டும். முதலில் 10 வருடம், பிறகு இன்னும் 5 வருடம் நீட்டிக்கலாம்.

என் டிசைனை யாராவது ஏஐயில் போட்டு மாற்றி எடுத்துவிட்டால்?

எனக்கே நடந்தது. நான் வரைந்த மயில் கல்லைப் படம் எடுத்து வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வைத்திருந்தேன். ஏழெட்டு மாதம் கழித்து ஒரு கல்யாணத்தில் தாம்பூலப் பை கொடுத்தார்கள், அதில் என் மயில். கழுத்து வளைவு என்னுடையது, தோகை வேறு. அச்சடித்தவரைக் கேட்டேன். ‘உங்க படத்தைக் கொடுத்து இதே மாதிரி ஒண்ணு போடுன்னேன் அக்கா, தப்பா?’ என்றார். அவருக்கு அது தப்பு என்றே தோன்றவில்லை. அதுதான் எனக்கு வலித்தது. உட்கார வைத்துப் பேசினேன். இப்போது அவர் எனக்கு வேலை தருகிறார்.

பொதுவில் போடும் படத்தைச் சின்ன அளவில் போடுங்கள், பெயரைப் படத்தின் நடுவே எழுதுங்கள். வரைந்த தேதியோடு முதல் பென்சில் தாளைப் பத்திரப்படுத்துங்கள். நாளைக்குத் தகராறு வந்தால் அந்தத் தாள்தான் பேசும்.

இறந்தவர் குரலை ஏஐயில் பாடவைப்பது சரியா?

2024-இல் லால் சலாம் படத்தின் ஒரு பாட்டுக்கு, மறைந்த பம்பா பாக்யா, சாகுல் ஹமீது இருவரின் குரலையும் ஏ.ஆர். ரஹ்மான் ஏஐ வழியாகக் கொண்டுவந்தார். குடும்பத்தாரிடம் அனுமதி வாங்கி, அதற்குப் பணமும் கொடுத்ததாக அவரே சொன்னார். கேட்டு, கொடுத்து, வெளியில் சொல்லிச் செய்தார்; குறைந்தபட்சம் அந்த மூன்றும் வேண்டும். அப்புறமும் எனக்கு மனசு முழுதாக ஒப்பவில்லை. குடும்பம் சம்மதிக்கலாம், பாடியவர் இந்த வரியைப் பாடியிருப்பாரா என்று அவரைக் கேட்க முடியாதே.

ஏஐ டிசைன் என்று வாங்குகிறவரிடம் சொல்ல வேண்டுமா?

சொல்ல வேண்டும். காரைக்குடி கண்டாங்கிச் சேலைக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தப் பெயரை நம்பித்தான் வெளியூர்க்காரர் கூடுதல் விலை கொடுக்கிறார். அரக்கும் கடுகு மஞ்சளும் கறுப்புமாகக் கட்டம் போட்ட சேலையின் படத்தை ஏஐயில் எடுத்து, தறியே பார்க்காத துணியை அதன் கீழே விற்பது ஏமாற்று. நெய்தது இவர், கட்டம் முடிவு செய்தது இவர், நிறம் பார்க்க ஏஐ உதவியது என்று அப்படியே சொன்னால் யாரும் கோபித்துக்கொள்வதில்லை. நான் சொல்லித்தான் விற்கிறேன்.

தமிழ் எழுத்தைப் படத்துக்குள் கேட்டால் ஏன் கோணல்மாணலாக வருகிறது?

பயிற்சியில் ஆங்கிலம் அதிகம், தமிழ் குறைவு. அதோடு கொம்பு, கால், புள்ளி எல்லாவற்றையும் எழுத்தாக அறியாமல் வெறும் வடிவமாகப் பார்க்கிறது. தேறிவருகிறது, ஆனாலும் பத்திரிகையில் மணமக்கள் பெயரை அதை நம்பி அடிக்காதீர்கள்.

பிள்ளைகள் பயன்படுத்தலாமா?

என் வகுப்பில் 12 வயது வரை வேண்டாம் என்கிறேன். கை ஒரு கோட்டை இழுத்து, அது நினைத்த மாதிரி வராமல், அந்தத் தவறிலிருந்து வேறொன்று தோன்றுகிற அனுபவம் முதலில் கிடைக்கட்டும். போன மாதம் ஒரு பொடியன் யானை வரைந்தான். தும்பிக்கைக்குத் தாளில் இடம் போதவில்லை. அழப்போகிறான் என்று நினைத்தேன். அவன் பக்கத்தில் இன்னொரு தாளை ஒட்டி, தும்பிக்கையை அங்கே நீட்டி, அதன் நுனியில் ஒரு வாழைப்பழம் வைத்தான். கேட்டதுமே முழு யானையைத் தருகிற கருவி அவனிடம் இருந்திருந்தால் அந்த இரண்டாவது தாள் வந்திருக்காது.

பெரிய பிள்ளைகளுக்கு ஒரு பயிற்சி கொடுக்கிறேன். ஏஐயிடம் நம் ஊர் வீட்டு வளவின், அதாவது தூண் சூழ்ந்த நடு முற்றத்தின், படம் கேட்பார்கள். பிறகு நிஜ வளவுக்குப் போய், படத்தில் என்னென்ன தப்பு என்று எழுத வேண்டும். தூண் எத்தனை, மழைத்தண்ணீர் எங்கே விழும், விசேஷத்துக்கு யார் எங்கே உட்காருவார்கள். ஒரு பெண் எழுதினாள்: ‘படத்தில் தண்ணீர் போக வழி இல்லை.’ அவளுக்கு அன்றைக்கு வீடு பார்க்கத் தெரிந்துவிட்டது.

எங்கள் ஆயாவின் (பாட்டியின்) கோல நோட்டு இருக்கிறது. ஸ்கேன் செய்து இணையத்தில் போடலாமா? ஏஐ எடுத்துக்கொள்ளாதா?

எடுத்துக்கொள்ளலாம். இருந்தாலும், பரணில் கிடந்து கரையான் தின்பதற்கு ஸ்கேன் செய்வது மேல். முதலில் வீட்டுக்கு ஒரு பிரதி எடுங்கள். வெளியில் போடுவதா என்பதை வீட்டில் எல்லாரும் பேசி முடிவு செய்யுங்கள். நடுவீட்டுக் கோலம் மாதிரி, வீட்டுக்குள் விசேஷத்துக்கு மட்டும் போடுகிறதைத் தனியாக எடுத்து வைக்க ஆசைப்பட்டால் வையுங்கள். அதைப் பிறருக்குக் காட்ட வேண்டும் என்று கட்டாயம் இல்லை.

போடுவதானால் கோலத்தை மட்டும் வெட்டிப் போடாதீர்கள், பக்கத்தை முழுசாகப் போடுங்கள். ஆயா பெயர், பிறந்த ஊர், வாக்கப்பட்ட ஊர், எந்த வருடம் எழுதியது என்பதைப் படத்தோடு சேர்த்து எழுதுங்கள். ஓரத்தில் கிறுக்கியிருப்பதை அழிக்காதீர்கள். என்னிடம் ஒரு நோட்டு வந்தது. 15 புள்ளி, இடைப்புள்ளி 8 வரை, தேர்க் கோலம். அதன் கீழே பென்சிலில், ‘மார்கழி 12. பனி. மூணாவது சுத்து தப்பு, சின்னவள் சொன்னாள். மாத்திப் போட்டேன்’ என்று எழுதியிருந்தது.